யானைக் கொட்டாரத்தில் அரசவை

நவம்பர் 4, திங்கள்

மதியம் நானும் என் மனைவி கோமதியும் மதுரையிலிருந்து ஆவரங்குளம் வந்து சேர்ந்தோம். எங்கள் யானைக் கொட்டாரத்தில் யானை இல்லை என்பது எனக்குத் தெரியும். எருமைகள் இருக்கின்றன என்பது தெரியாது. ஆறு எருமைகள். அவை என்னைப் பார்த்தன. எழுந்திருக்கவில்லை.

இந்தக் கட்டிடத்தைப் பற்றி இங்கே சுருக்கமாக எழுதிவைப்பது நல்லது. என் பாட்டனாருக்குப் பாட்டனாரான அன்றைய ஜமீன்தார் ஒரு யானை வாங்கத் தீர்மானித்தார். முறைப்படி முதலில் கொட்டாரத்தைக் கட்டினார். இரண்டு ஆள் உயரக் கதவு, கருங்கல் தூண்கள், கவிழ்த்த படகு போன்ற கூரை. கட்டி முடித்தபோது யானை வாங்க வசதி இல்லை. ஒரு திருவிழாவின்போது வாடகை யானை ஒன்று நான்கு நாள் இங்கே நின்றதற்கு ஆதாரம் இருக்கிறது. பாகப்பிரிவினையில் அரண்மனை பெரியப்பா வழிக்குப் போயிற்று. அவர்கள் அதைத் தேக்காகவும் கல்லாகவும் விற்றுவிட்டார்கள். அங்கே இப்போது செல்போன் கோபுரம் நிற்கிறது. கொட்டாரத்தை யாரும் கேட்கவில்லை. ஆகவே அது எங்களுக்கு வந்தது.

எருமைகள் மாடத்தி என்ற பெண்ணுடையவை. மூன்று வருடமாக இங்கேதான் கட்டுகிறாளாம். யார் அனுமதித்தது என்று கேட்டேன்.

"ராணியம்மாதான் போன்ல சொன்னாக ராசா" என்றாள்.

கோமதியைப் பார்த்தேன். "உங்ககிட்ட அப்பவே சொன்னேனே. நீங்க சரித்திரத்தைப் படிச்சுக் காட்டிட்டு இருந்தீங்க, நடுவுல சொன்னேன்" என்றாள். இருக்கலாம். படிக்கும்போது நான் குறுக்கீடுகளைப் பொருட்படுத்துவதில்லை.

மாடத்தியிடம் விஷயத்தைச் சொல்லிவிட்டேன். கோயம்புத்தூர் தனசேகர் இதைப் பாரம்பரிய ஓட்டலாக மாற்ற முப்பது வருடக் குத்தகைக்குக் கேட்கிறார். இருபத்தெட்டாம் தேதி கையெழுத்து. அதற்குள் எருமைகள் வெளியேற வேண்டும்.

"எங்கன கொண்டு கட்ட ராசா? எனக்கிருக்கது ஒத்த அறை வீடு. நான் படுத்தா காலு தெருவுல இருக்கும். இதுகள வித்துட்டா நான் எதைத் திங்க?"

நிர்வாகத்தில் இப்படிப்பட்ட கேள்விகள் எழுவது இயல்பு. யோசிப்பதாகச் சொன்னேன்.

நவம்பர் 5, செவ்வாய்

மழை. மேற்கு மாளிகையில் நான்கு இடங்களில் ஒழுகுகிறது. (கொட்டாரத்தை ஒட்டிய இரண்டு அறைகளை மேற்கு மாளிகை என்று அழைக்க முடிவு செய்திருக்கிறேன். ஊரார் இவற்றைப் பாகன் வீடு என்கிறார்கள். யானையே இல்லாத ஊரில் பாகன் எங்கிருந்து வந்தான் என்று கேட்டால் பதில் இல்லை.)

நவம்பர் 6, புதன்

காலையில் அழுகைச் சத்தம். சிலுப்பி என்ற எருமையின் கன்று இறந்துவிட்டது. சிலுப்பிதான் அதிகம் கறப்பவளாம். மாடத்தியின் வீட்டு அடுப்பு எரிவதே அவளால்தானாம். கன்று போனதும் சிலுப்பி பாலை அடக்கிக்கொண்டாள். ஒரு சொட்டு விடவில்லை.

மாலையில் கன்றின் தோலுக்குள் வைக்கோல் திணித்து ஒரு பொம்மைக் கன்று செய்து அவள் முன் நிறுத்தினார்கள். சிலுப்பி அதை மோந்து பார்த்தாள். பிறகு முகத்தைத் திருப்பிக்கொண்டாள். எருமைக்கும் ரசனை உண்டு என்பதை இன்று அறிந்தேன்.

நவம்பர் 7, வியாழன்

முக்கியமான நாள்.

மேற்கு மாளிகையில் உட்கார இடமில்லாததால், 'ஆவரங்குளம் சமஸ்தானச் சரித்திரம்' கையெழுத்துப் பிரதியை எடுத்துக்கொண்டு விடியற்காலையிலேயே கொட்டாரத்துக்குப் போனேன். மதுரைக் கருவூல அலுவலகத்தில் வேலை பார்த்துக்கொண்டே முப்பது வருடம் எழுதிய நூல். திருத்தும்போது நான் எப்போதும் உரக்கப் படிப்பேன். மதுரையில் என் மருமகள் காதில் ஒரு கருவியை மாட்டிக்கொண்டே வீட்டு வேலை செய்வாள். நான் படிக்க ஆரம்பித்தால் மரியாதைக்காக அதை எடுத்துவிடுவாள் என்று நினைத்திருந்தேன். பிறகுதான் கவனித்தேன், நான் ஆரம்பிக்கும்போதுதான் மாட்டுகிறாள்.

மேலமடை வாய்க்கால் வழக்கு அத்தியாயம். மூன்றாவது பக்கத்தில் இருக்கும்போது நிமிர்ந்து பார்த்தேன். சிலுப்பியின் பக்கத்தில் குந்தியிருந்த மாடத்தி என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். கண்ணில் நீர். நான் நிறுத்தினேன்.

"நிறுத்தாதீக ராசா! ஒங்களுக்குப் புண்ணியமாப் போகும். படிங்க, படிங்க!"

இந்த நூலை நான் இதுவரை பலருக்குப் படித்துக் காட்டியிருக்கிறேன். 'நிறுத்தாதீர்கள்' என்று ஒருவரும் சொன்னதில்லை. அத்தியாயத்தை முடிக்கும்வரை படித்தேன். வெளியே மழை; உள்ளேயும் எங்கோ மழை விழும் சத்தம் போல ஒன்று சீராகக் கேட்டுக்கொண்டிருந்தது. கூரையைப் பார்க்கச் சொல்ல வேண்டும்.

நவம்பர் 8, வெள்ளி

மாடத்தி காலையிலும் மாலையிலும் வாசிப்பு வேண்டும் என்று கேட்டிருக்கிறாள். காலை ஐந்து மணிக்கு.

"ஐந்து மணிக்கு ஏன்?"

"அந்நேரம்தான் ராசா மனசு தெளிவா இருக்கும்."

இதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. அந்தக் காலத்தில் எங்கள் அரசவையில் கட்டியக்காரன் காலையும் மாலையும் வம்ச வரலாற்றைச் சொல்வான். சொல்லி முடித்த பிறகுதான் எந்தக் காரியமும் நடக்கும். அரண்மனை போய்விட்டாலும் மக்கள் மனத்தில் வழக்கம் இருக்கிறது. இனி கொட்டாரத்தில் தினம் இருமுறை அரசவை கூடும்.

வைக்கோல் கன்றைப் பரணில் தூக்கிப் போட்டுவிட்டார்கள். ஏன் என்று தெரியவில்லை.

நவம்பர் 10, ஞாயிறு

காப்பி மிகவும் நன்றாக இருக்கிறது. கோமதி இவ்வளவு கெட்டியான காப்பி தந்து இருபது வருடமாவது இருக்கும். கிராமத்துக் காற்று அவளுக்கு ஒத்துக்கொள்கிறது.

நவம்பர் 13, புதன்

இன்று போர் அத்தியாயம். பாளையத்தின் மேற்கு எல்லையில் நடந்த மோதலை உணர்ச்சியோடு படித்தேன். "வெட்டினார்! வீழ்த்தினார்!" என்ற இடத்தில் குரலை உயர்த்தியபோது சிலுப்பி உதைத்தாள். ஒரு வாளி உருண்டு வந்து என் காலடியில் நின்றது.

மாடத்தி எழுந்து வந்து கைகூப்பினாள். "ராசா, சண்டை வேண்டாம். அந்த வாய்க்கா வழக்கையே படிங்க."

"அதை நான்கு முறை படித்தாகிவிட்டதே."

"அதுதான் ராசா நல்லா எறங்குது."

ஆச்சரியமான பெண். மக்களுக்குப் போர்தான் பிடிக்கும் என்பது நகரத்து எழுத்தாளர்களின் கற்பனை. உண்மையில் அவர்களுக்கு நீர்ப்பாசன நிர்வாகத்தில்தான் ஆழ்ந்த ஈடுபாடு. முன்னுரையில் இதைச் சேர்க்க வேண்டும்.

நவம்பர் 16, சனி

ஜலதோஷம். குரல் போய்விட்டது.

இதற்கு இவ்வளவு பரபரப்பு ஏற்படும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. கோமதி மிளகும் பனங்கற்கண்டும் போட்டுப் பால் காய்ச்சினாள். மாடத்தி ஏதோ வேரைத் தட்டிக் கஷாயம் கொண்டுவந்து, நான் குடித்து முடிக்கும்வரை வாசலில் நின்றாள். "இப்ப ஏதாச்சும் பேசிப் பாருங்க ராசா" என்றாள். பேசினேன். இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். எனக்கு நெஞ்சுவலி வந்தபோதுகூட என் மகன் இப்படிப் பதறவில்லை.

நவம்பர் 17, ஞாயிறு

இன்று நடந்ததை அடக்கத்தோடு பதிவு செய்கிறேன். நான் படுக்கையில் இருந்ததால், திருமணமான நாளிலிருந்து என் நூலில் ஒரு பக்கத்தையும் தொட்டிராத கோமதி, தானே படிப்பதாகச் சொல்லிப் பிரதியை எடுத்துக்கொண்டு கொட்டாரத்துக்குப் போனாள். சுவருக்கு இந்தப் பக்கம் படுத்துக் கேட்டேன். தெளிவாகத்தான் படித்தாள். ஆனால் அரை மணி நேரத்தில் இருவரும் திரும்பி வந்துவிட்டார்கள். மாடத்தியின் கையில் வாளி காலியாக இருந்தது.

"அம்மா படிச்சா ஆகலை" என்றாள் மாடத்தி.

எழுத்து ஒன்றேதான். குரலும் நடையும் ஆளுக்கு ஆள் மாறும். கோமதியிடம் இதைப் பற்றி நான் ஒன்றும் சொல்லவில்லை. வெற்றி பெற்றவன் பெருந்தன்மையாக இருக்க வேண்டும்.

நவம்பர் 18, திங்கள்

குரல் திரும்பியது. அரசவை கூடியது. காப்பி பழையபடி ஆகிவிட்டது, அதாவது நன்றாக.

நவம்பர் 20, புதன்

தனசேகர் காரில் வந்தார். நாற்பது வயது, கறுப்புக் கண்ணாடி. கொட்டாரத்தைச் சுற்றி வந்து "செம ஹைட் சார்" என்றார். இது உணவகமாகும். எருமைகள் கட்டியிருக்கும் இடத்தில் நீரூற்று. வாசலில் ஒரு ஃபைபர் யானை; துதிக்கை தானாக ஆடும்.

"சார், இந்த இடத்துல ஏதாவது ராணி கிணத்துல குதிச்சிருக்காங்களா?"

"இல்லை."

"தூக்கு?"

"எங்கள் ராணிகள் எல்லோரும் முதுமையில் காலமானார்கள்."

"பரவாயில்ல, பாத்துக்கலாம்" என்றார். என் நூலைப் பற்றிக் கேட்டார். ஒவ்வொரு அறையிலும் ஒரு பிரதி வைப்பதாகச் சொன்னார். கனத்தைப் பார்த்தபின், சுருக்கி, உணவுப் பட்டியல் அட்டையின் பின்பக்கம் போடலாம் என்றார். சுருக்கமும் ஒரு கலைதான். நான் மறுக்கவில்லை.

மாலை அரசவைக்கு அவரையும் அழைத்தேன். இரண்டாவது பக்கத்தில் செல்போனை எடுத்தார். கடைசிவரை தலை நிமிரவில்லை. சிலுப்பி மட்டும் முழு நேரமும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். இதிலிருந்து நான் எந்த முடிவுக்கும் வரவில்லை.

நவம்பர் 22, வெள்ளி

மாடத்திக்கு இடம் கிடைத்துவிட்டது. பக்கத்து ஊரான புளியறைப்பட்டியில் அவள் அண்ணனின் தகரக் கொட்டகை. அடுத்த வாரம்வரை அங்கே கட்டிக்கொள்ளலாம், அதற்குப் பிறகு அண்ணி விடமாட்டாள் என்றாள்.

போகும்போது திரும்பி, "ராசா, புளியறைப்பட்டிக்கு வந்து படிப்பீகளா?" என்று கேட்டாள்.

"அங்கே என் நூலைக் கேட்க ஆள் இருக்கிறார்களா?"

விரல்விட்டு எண்ணிப் பார்த்தாள். "ஆறு பேரு இருக்காக" என்றாள்.

வெளியூரிலிருந்து எனக்கு வந்த முதல் அழைப்பு. ஓட்டல் வேலைகள் முடிந்தபின் வருவதாக வாக்களித்தேன். அவள் முகத்தில் ஏன் அவ்வளவு வருத்தம் என்று புரியவில்லை.

நவம்பர் 25, திங்கள்

காலையில் எருமைகள் போயின. சிலுப்பி வாசலில் நின்று திரும்பிப் பார்த்தாள். மாடத்தி கயிற்றைப் பிடித்து இழுத்தாள்.

மாலை வழக்கமான நேரத்துக்குக் கொட்டாரத்துக்குப் போய் இரண்டு பக்கம் படித்தேன். எதிரொலி அதிகம். கூரை ஒழுகும் அந்தச் சத்தம் நின்றுவிட்டது. வெளியே மழை மட்டும் பெய்துகொண்டுதான் இருந்தது. கோமதி தந்த காப்பி தண்ணீராக இருந்தது. பாக்கெட் பாலாம்.

நவம்பர் 28, வியாழன் (கோயம்புத்தூர்)

இன்று நடந்ததை வரிசையாக எழுதுகிறேன்.

மாலை தனசேகரின் அலுவலகத்தில் இருந்தேன். குளிர்ந்த அறை. அவர், அவருடைய வக்கீல், நான். பத்திரத்தை வக்கீல் படித்து முடித்தார். பேனாவின் மூடியைக் கழற்றினேன். அப்போது கோமதி போன் செய்தாள். மாடத்தி பேச வேண்டுமாம். புளியறைப்பட்டிக் கொட்டகையில்தான் இருவரும் நிற்கிறார்கள்.

"ராசா, மூணு நாளா அடக்கி வச்சிருக்கா. மடி கல்லா வீங்கிக் கெடக்கு. தொட்டா துடிக்கா. டாக்டர் ஊசி போட்டுப் பாத்துட்டாரு, கேக்கலை. இன்னைக்கும் விடலைன்னா மடி போயிரும்ங்காரு. அப்புறம் அடிமாட்டுக்குத்தான் ராசா. கொஞ்சம் படிங்க."

"என்ன படிக்க?"

"அந்த வாய்க்காதான்! போன்லயே படிங்க. காதுகிட்டப் பிடிச்சுக்கிடுதேன்."

"யார் காதில்?"

போன் கை மாறியது. பிறகு கோமதியின் குரல். "ஏங்க. மாட்டுக்குத்தான். இத்தனை நாளும் மாட்டுக்குத்தான். நீங்க படிச்சாத்தான் அது பால் விடுது. சொன்னா படிக்க மாட்டீங்கன்னு சொல்லலை. இப்ப கோபப்படுறதுன்னா அப்புறம் பட்டுக்கோங்க, முதல்ல படிங்க."

வக்கீல் என்னைப் பார்த்தார். தனசேகர் கடிகாரத்தைப் பார்த்தார். கையெழுத்துப் பிரதி ஊரில் இருந்தது. ஆனால் வாய்க்கால் வழக்கு எனக்கு மனப்பாடம். இருபது முறைக்கு மேல் படித்திருக்கிறேன். ஏன் அத்தனை முறை படிக்க நேர்ந்தது என்பதும் அப்போது விளங்கிவிட்டது.

பேனாவை மேஜையில் வைத்தேன்.

"மேலமடைக்கும் கீழமடைக்கும் பொதுவான இந்த வாய்க்காலானது, பண்டு தொட்டு, வைகாசி முதல் ஆவணி ஈறாக, மேலமடையாரால் வாரம் நான்கு நாளும் கீழமடையாரால் மூன்று நாளும் பாவிக்கப்பட்டு வந்த நிலையில்..."

"சார், அந்தப் பக்கம் வெளிய போய்ப் பேசலாமே" என்றார் தனசேகர்.

கையை உயர்த்தி அவரை நிறுத்தினேன். என் வாழ்நாளில் ஒருவரை அப்படி நிறுத்தியது அதுவே முதல் முறை. மடைகளின் அகலம், மதகுப் பலகையின் அளவு, இரு தரப்புச் சாட்சிகளின் பெயர்கள் என்று ஒன்றையும் விடாமல் சொல்லிக்கொண்டு போனேன். போனில் எருமை மூச்சு விடுவது கேட்டது. சாட்சிகளில் ஏழாமவரை அடைந்தபோது, சர் என்று ஒரு சத்தம். பிறகு இன்னொன்று. பிறகு நிற்காமல்.

அந்தச் சத்தத்தை எனக்குத் தெரியும். அதை மழை என்று நினைத்திருந்தேன்.

தீர்ப்பு வரைக்கும் சொல்லி முடித்தேன். "போதும் ராசா, கறந்தாச்சு" என்று அழுதபடி சிரித்தாள் மாடத்தி. போனை வைத்தேன். வக்கீல் தூங்கியிருந்தார்.

"எருமைக்கா சார் இவ்வளவு நேரம் படிச்சீங்க?" என்றார் தனசேகர்.

"அரசவையில் யார் அமர வேண்டும் என்பது அரசன் தீர்மானிக்க வேண்டிய விஷயம்" என்றேன். எழுந்து வந்துவிட்டேன். கையெழுத்திடவில்லை. துதிக்கை தானாக ஆடும் யானையில் எனக்கு ஆரம்பம் முதலே உடன்பாடு இல்லை.

நவம்பர் 30, சனி

எருமைகள் திரும்பி வந்தன. நான் வாசலில் நின்றேன். முன்னால் வந்த சிலுப்பி என்னைக் கடந்து நேராகத் தன் இடத்துக்குப் போனாள். ஆடம்பரமான வரவேற்பை அவளும் எதிர்பார்க்கவில்லை, நானும் எதிர்பார்க்கவில்லை.

கொட்டாரம் இனி மாடத்திக்கு. எத்தனை வருடத்துக்கு என்று கேட்டாள். எருமை உள்ளவரைக்கும் என்றேன்.

"மாடத்தி, உண்மையைச் சொல். நான் படித்ததில் உனக்கு ஏதாவது புரிந்ததா?"

"ஒங்ககிட்டப் பொய் சொல்லப்படாது ராசா. ஒரு எழவும் புரியலை. மொத நாளு எனக்குக் கொட்டாவியா வந்துச்சு. ஆனா அவளுக்குப் புடிச்சிருக்கு. புடிக்காமலா இப்படி விடுதா?"

நூல் விமரிசனங்களில் இதைவிட மோசமானவற்றைப் பார்த்திருக்கிறேன்.

மாலையில் கோமதி காப்பியோடு வந்து பக்கத்தில் நின்றாள்.

"கோபமா?"

"எதற்கு?"

"சொல்லாம விட்டதுக்கு."

"ஏழாம் தேதியே எனக்குத் தெரியும்" என்றேன்.

"அப்படியா" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள். இந்த நாட்குறிப்பில் அது எழுதப்படாமல் போனது வேறு விஷயம்.

டிசம்பர் 9, திங்கள்

இப்போதெல்லாம் எழுதும்போதே சிலுப்பியை மனத்தில் வைத்துக்கொள்கிறேன். போர்களைக் குறைத்துவிட்டேன். பட்டாபிஷேகத்தில் வாண வேடிக்கையை எடுத்துவிட்டேன். நூல் மேம்பட்டிருக்கிறது. வாக்கியங்கள் நீண்டு, ஒரே சீராக, அதிர்ச்சி எதுவும் இல்லாமல் செல்கின்றன. ஒரு சரித்திர நூலுக்கு வேறென்ன வேண்டும்?

டிசம்பர் 16, திங்கள்

இன்று காலை கடைசி அத்தியாயத்தைப் படித்து முடித்தேன். ஜமீன் ஒழிப்புச் சட்டம் வருகிறது, ஆவரங்குளம் ஜமீன் முடிவுக்கு வருகிறது, நூலும் முடிகிறது. எத்தனையோ வருடம் முன்பு அந்தக் கடைசி வரியை எழுதியபோது நான் அழுதேன். இன்று படித்து முடித்துப் பிரதியை மூடிவைத்தேன். சிலுப்பி தலையைத் திருப்பி என்னைப் பார்த்தாள்.

"என்ன ராசா, அம்புட்டுத்தானா?" என்றாள் மாடத்தி.

"அவ்வளவுதான். ஜமீனை ஒழித்துவிட்டார்கள்."

"அது எப்பிடி ராசா? இவ இன்னும் அஞ்சு மாசம் கறப்பாளே."

யோசித்துப் பார்த்தேன். அவள் சொல்வதில் நியாயம் இருக்கிறது. மதியம் உட்கார்ந்து, அந்தச் சட்டம் ஆவரங்குளத்துக்கு மட்டும் பொருந்தாது என்று ஒரு வரி எழுதினேன். இப்போது கடைசி ஜமீன்தாரான என் பெரிய தாத்தா இன்னும் ஆட்சியில் இருக்கிறார். மேலமடைக்கும் கீழமடைக்கும் மறுபடி தகராறு வந்திருக்கிறது.